சில்லறைக் காசும் சமுதாயக் கல்வியும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் முன்னாள் பொருளாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘சங்கமும் நிதியும்’ என்பது. 2001ஆம் ஆண்டு முதல் பதினெட்டு ஆண்டுகள் இச்சங்கத்தின் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் இத்தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கைப் படித்துக் காட்டுவது என் நோக்கமன்று. அது இம்மலரின் வேறு பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. அக்கணக்கேட்டில் எழுதப்படாத இரண்டு வரவுகளையும் ஒரு நட்டத்தையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அந்த நட்டத்திற்குக் காரணமானவன் நான். வெள்ளி விழா மேடையில் நம் பெருமைகளை மட்டும் பேசிவிட்டுப் போவது எளிது. ஆனால் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளை நடத்தப் போகிறவர்கள் நம் பிழைகளையும் அறிந்திருக்க வேண்டும்.

உண்டியல் பிறந்த கதை

2000ஆம் ஆண்டில் இச்சங்கத்தைத் தொடங்கியபோது மாதச் சந்தா பத்து ரூபாய் என்று விதி வகுத்தோம். மூன்றே மாதங்களில் அவ்விதி தோற்றது. சந்தாப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாதக் கடைசியில் வீடு வீடாகப் போனால், “அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்” என்ற விடைதான் கிடைத்தது. மக்களுக்குக் கல்வியில் அக்கறை இல்லையோ என்று செயற்குழுவிலேயே சிலர் சலித்துக்கொண்டார்கள்.

அப்போது மகளிர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுந்து சொன்ன சொற்கள் இன்றும் என் காதில் ஒலிக்கின்றன. “எங்களுக்கு மாதச் சம்பளமா வருது, மாதச் சந்தா கேக்குறீங்க? தினம் கூலி, தினம் உலை. ராத்திரி கடைக்குப் போய் வந்தா முந்தானையில ஒண்ணு ரெண்டு சில்லறை மிஞ்சும். அதைக் கேளுங்க, தரோம்” என்றார் அந்த அம்மையார்.

பொருளாதார நூல்கள் பலவற்றைப் படித்தவருக்கும் எட்டாத உண்மை அது. நாள்தோறும் வரும் வருவாயிலிருந்து நாள்தோறும்தான் சேமிக்க இயலும். மாதக் கடைசி என்பது மாதச் சம்பளக்காரரின் கணக்கு.

மறு வாரமே குயவரிடம் சொல்லி 43 மண் உண்டியல்கள் வாங்கினோம். ஒவ்வொன்றின் மீதும் சுண்ணாம்பால் வீட்டு எண்ணை எழுதி, 43 வீடுகளுக்கும் கொடுத்தோம். 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளன்று, எல்லா உண்டியல்களையும் ஒரே இடத்தில் வைத்து உடைத்தோம். பாய்களை விரித்து, பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து எண்ணினார்கள். கிடைத்த தொகை 6,318 ரூபாய் 75 காசு. சந்தாப் புத்தகத்தால் ஓராண்டில் ஆயிரம் ரூபாயைக்கூடத் திரட்ட இயலாத சங்கத்திற்கு மண் உண்டியல் அத்தொகையைத் தந்தது. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுவதும் விளங்கியது.

அந்நாளில் சில்லறையை நோட்டாக மாற்றுவதில் தொல்லை இருக்கவில்லை. தேநீர்க் கடைக்காரரும், பேருந்து நடத்துநரும், காய்கறி மண்டிக்காரரும் சில்லறைக்குத் தவம் கிடந்த காலம் அது. நாம் மூட்டையோடு போனால் நாற்காலி போட்டு வரவேற்றார்கள்.

காசும் நம் மக்களும்

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. இந்த இரண்டிலும் நம் மக்களுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது.

என் சிறு வயதில், 1960களின் தொடக்கத்தில், என் தந்தையாருடன் உப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போவேன். கடைக்காரர் எங்கள் கையிலிருந்து காசை வாங்க மாட்டார். கடை வாசலில் கிடக்கும் பலகையின் மீது வைத்துவிட்டு நாங்கள் விலகி நிற்க வேண்டும். அவர் அதன் மீது தண்ணீர் தெளித்த பிறகு எடுத்துக்கொள்வார். மீதிக் காசையும் அதே பலகையில்தான் வைப்பார். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. தீண்டாமையைத் தண்டிக்க 1955ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் வந்துவிட்டது. அந்தப் பலகைக்கு மட்டும் அச்செய்தி எட்டவில்லை. நாங்கள் தொட்ட காசு தீட்டாயிற்று. ஆனால் அதன் மதிப்பு மட்டும் தீட்டாகவில்லை!

அந்தக் காலத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா, ஆக 64 பைசா. அந்நாள் முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா ஆயிற்று. 1964ஆம் ஆண்டில் ‘நயா’ என்ற அடைமொழியும் நீங்கியது. நாலணாவுக்கு 25, எட்டணாவுக்கு 50 என்பது தெளிவு. ஆனால் ஓரணாவுக்கு எவ்வளவு? ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? கணக்குத் தெரிந்தவர் நான்கு ஓரணாவைச் சேர்த்துக் கொடுத்து 25ஆக வாங்கிக்கொண்டார். கணக்கு அறியாத என் தாயார் ஒவ்வோர் அணாவாகக் கொடுத்து ஒவ்வொரு முறையும் ஆறே பெற்றுக்கொண்டு வந்தார். கால் பைசாதானே என்று எண்ணிவிடாதீர்கள். நாலணாவுக்கு ஒரு பைசா போனால், ஒரு ரூபாய்க்கு நான்கு பைசா போயிற்று. “காசு மாறினப்போ நம்ம கஞ்சியில கொஞ்சம் கொறைஞ்சது” என்று அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாட்டின் காசு மாறும் ஒவ்வொரு முறையும் முதலில் இழப்பவர், செய்தி கடைசியாகப் போய்ச் சேரும் வீட்டுக்காரர்தான். இந்த உண்மையை 1957இல் என் தாயாரிடமிருந்து நான் கற்றிருக்க வேண்டும். கற்றிருந்தும் மறந்தேன். அதன் விளைவைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

செல்லாத 1,640 காசுகள்

25 காசும் அதற்குக் குறைந்த மதிப்புள்ள நாணயங்களும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் முதல் செல்லாது என்று நடுவண் அரசு 2010ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. ஜூன் 29ஆம் நாள் வேலை நேரம் முடியும் வரை, சிறு நாணயக் கிடங்கு உள்ள வங்கிக் கிளைகளிலும் ரிசர்வ் வங்கி அலுவலகங்களிலும் அவற்றைக் கொடுத்து முழு மதிப்பைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற அறிவிப்பும் வந்தது. இச்செய்தியை நம் படிப்பகத்தில், நாள்தோறும் நான் அமரும் அதே பலகையில் அமர்ந்து, செய்தித்தாளில் படித்தேன். சங்க உண்டியல்களில் இருந்த நாலணாக்களை மே மாதத்திலேயே பிரித்தெடுத்து மாற்றியும் விட்டேன். என் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, நம் தெருவின் மூதாட்டி ஒருவர் இடுப்பில் ஒரு மண் கலயத்தைச் சுமந்துகொண்டு படிப்பகத்திற்கு வந்தார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. நம் எல்லோருக்கும் அவர் பாட்டிதான். புல்லறுத்துக் கட்டாகக் கட்டி விற்றுப் பிழைத்தவர். மகள் வயிற்றுப் பேத்தி பிறந்த 2001ஆம் ஆண்டிலிருந்து, சங்க உண்டியலுக்குப் போடுவது போக, அந்தக் குழந்தையின் படிப்புக்கென்று தனியே ஒரு கலயத்தில் நாலணா நாலணாவாகப் போட்டு வந்திருக்கிறார். கடையில் ஒரு நாலணாவைக் கொடுத்தபோது, “இது செல்லாது பாட்டி” என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். “தம்பி, கடைக்காரன் ஏதோ சொல்றான். நீ கணக்குத் தெரிஞ்சவன். இதை மாத்திக் குடு” என்று கலயத்தை என் முன் வைத்தார்.

எண்ணினேன். 1,640 நாணயங்கள். 410 ரூபாய். அன்றைய நூறு நாள் வேலையின் கூலிக் கணக்கில் மூன்று நாள் உழைப்பிற்கு மேல். பத்தாண்டுகளாக, ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு நாலணா. எல்லாம் செல்லாக்காசு.

அவருடன் வந்திருந்த பேத்தி அப்போது பள்ளி மாணவி. ஒரு நாலணாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “இதுல 25ன்னு போட்டிருக்கே சார். அப்புறம் ஏன் செல்லாது? யார் சொன்னாங்க? நமக்கு ஏன் சொல்லலை?”

முதல் இரண்டு கேள்விகளுக்கும் என்னால் விடை சொல்ல முடிந்தது. மூன்றாவது கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அரசு சொல்லிற்று, செய்தித்தாள் சொல்லிற்று, படிப்பகத்தில் அமர்ந்திருந்த நான்தான் தெருவுக்குச் சொல்லவில்லை. பதினொரு ஆண்டுகளாகக் கல்விச் சங்கம் என்று பலகை மாட்டிக்கொண்டிருந்த நாம், நாற்பதடி தொலைவிலிருந்த குடிசைக்கு நான்கு வரிச் செய்தியைக் கொண்டு சேர்க்கவில்லை. அந்த மூதாட்டியின் அறியாமை அவருடைய குற்றமன்று. படித்தும் வாய் திறவாத என் அறிவுதான் குற்றம்.

செயற்குழுவைக் கூட்டி, 410 ரூபாயை என் சொந்தக் கையிலிருந்து கொடுப்பதாகச் சொன்னேன். குழு அதை மறுத்து, சங்கமே தர வேண்டும் என்று முடிவு செய்தது. ஆனால் பாட்டி அதை எளிதில் வாங்கவில்லை. “செல்லாத காசுக்குச் செல்லுற காசு வாங்கினா அது பிச்சை” என்றார். “பிச்சையில்லை பாட்டி. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதற்குச் சங்கம் கட்டும் தண்டம்” என்று தலைவர் சொன்ன பிறகே கையை நீட்டினார். 400 ரூபாயைப் பேத்தியின் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடச் சொன்னார். மீதிப் பத்து ரூபாயைச் சங்க உண்டியலில் போட்டுவிட்டுப் போனார்.

அந்த 1,640 நாணயங்களையும் பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, படிப்பகத்து மேசையின் மீது வைத்திருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகள், “அது என்ன காசு?” என்று கேட்பார்கள். அதற்காகவே அதை வைத்தோம். அன்றிலிருந்துதான் படிப்பக வாசலில் செய்திப் பலகை வந்தது. நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு மாணவர், மக்களுக்குப் பயன்படும் செய்திகளை உரக்கப் படித்துவிட்டுப் பலகையில் எழுத வேண்டும் என்ற விதியும் வந்தது. கணக்கேட்டில் 410 ரூபாய் நட்டம். ஆனால் இச்சங்கம் உண்மையில் கல்விச் சங்கமானது அந்த நாளில்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

சில்லறை காத்த வாரம்

அந்தப் பலகையின் பயன் 2016ஆம் ஆண்டில் தெரிந்தது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் அன்று நள்ளிரவு முதல் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் மாலை நம் தெருவில் கூலி வாங்கி வந்தவர்களின் கையில் இருந்தவை பழைய 500 ரூபாய் நோட்டுகளே. கடையில் அரிசி தரவில்லை. வங்கி வாசலில் வரிசை. நூறு ரூபாயும் அதற்குக் குறைந்த நோட்டுகளும் நாணயங்களும் எப்போதும் போல் செல்லும் என்பதைச் செய்திப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினோம். பிறகு, சங்கத்தின் தகரப் பெட்டியைத் திறந்தோம்.

31 வீடுகளுக்கு வீட்டுக்கு 150 ரூபாய் வீதம் 4,650 ரூபாயைச் சில்லறையாகவே கைமாற்றாகக் கொடுத்தோம். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, ஒரு நோட்டில் வீட்டு எண் மட்டும். தண்டல்காரரிடம் போகாமல் 31 வீடுகளில் உலை கொதித்தது. விடுதியிலிருந்த பிள்ளைகள் ஊருக்கு வந்து போகப் பேருந்துக் கட்டணம் கிடைத்தது. அடுத்த பொங்கலுக்குள் 4,650 ரூபாயும் ஒரு ரூபாய் குறையாமல் திரும்பி வந்தது. நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்று முன்னரே சொன்னேன். அந்த இரண்டும் நம் தெருவில் ஒன்றாக நின்றதை என் கண்ணால் கண்டேன். கணக்கேட்டில் எழுதாத முதல் வரவு இது.

பதினோராயிரத்து அறுநூறு நாணயங்கள்

இரண்டாவது வரவு 2018ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் சில ஆண்டுகளாகவே பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி தமிழ்நாட்டில் பரவியிருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ரூபாய்க்கான குறியீடு 2010ஆம் ஆண்டு ஜூலையில்தான் ஏற்கப்பட்டது. ஆகவே முன்பு அச்சிட்ட நாணயத்தில் குறியீடு இல்லை; பின்பு வந்ததில் இருக்கிறது. ஒன்றில் பத்துக் கோடுகள், மற்றொன்றில் பதினைந்து. இவற்றுள் ஒன்று போலி என்று யாரோ கிளப்பிவிட, கடைகளும் பேருந்துகளும் எல்லாவற்றையுமே மறுத்தன. பதினான்கு வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ரிசர்வ் வங்கி விளக்கம் அளித்தது. ஆனாலும் வதந்தி ஓடும் வேகம் விளக்கத்திற்கு இல்லை.

கடைக்காரர் மறுத்த காசை நம் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சங்க உண்டியலில் போட்டார்கள்! 2018 மே மாதம் உண்டியல்களை உடைத்தபோது பத்து ரூபாய் நாணயங்களே 2,300 இருந்தன. ஐந்து ரூபாய் 1,900. இரண்டு ரூபாய் 2,800. ஒரு ரூபாய் 4,400. ஐம்பது காசு 200. ஆக 11,600 நாணயங்கள், 42,600 ரூபாய். நூறு நூறாகக் கட்டியதில் மீந்த 37 நாணயங்களைப் புதிய உண்டியலில் போட்டோம்.

அவ்வாண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நம் மாணவர்களுக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை 1944ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. ஆனால் அது கைக்கு வருவது சேர்ந்து பல மாதங்களுக்குப் பின். கல்லூரியோ சேரும் நாளிலேயே பணம் கேட்கிறது. இந்த இடைவெளியில் விழுந்து படிப்பை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியின் மீது பாலம் கட்டுவதுதான் நம் சங்க நிதியின் தலையாய வேலை. 42,600 ரூபாய் இருக்கிறது. கட்ட வேண்டிய நாள் நெருங்குகிறது. ஆனால் அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கொட்ட முடியாது.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். காசாளர் மூட்டைகளைப் பார்த்தவுடன், “இதையெல்லாம் எண்ண ஆள் இல்லை” என்றார். மேலாளர், “சட்டப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேல் சில்லறை வாங்க வேண்டியதில்லை” என்றார். நாங்கள் மூட்டைகளோடு திரும்பினோம். வழியில் எனக்கு அந்தப் பழைய பலகைதான் நினைவுக்கு வந்தது. இம்முறை தண்ணீர் தெளிக்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு என்று மனம் கசந்தது.

அன்று மாலை செய்திப் பலகை எழுதும் முறை, அந்தப் பாட்டியின் பேத்திக்கு. பிளஸ் டூ முடித்து, கல்லூரிக்குக் காத்திருந்த மூவரில் அவளும் ஒருத்தி. நடந்ததைக் கேட்டவள் ஒன்றும் பேசாமல் இணையச் சேவை மையத்திற்குப் போய், இரண்டு தாள்களை அச்செடுத்து வந்தாள். ஒன்று, 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. மற்றொன்று, 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை. இரண்டையும் செயற்குழுவுக்குத் தமிழில் விளக்கினாள்.

ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரைக்கும், ஐம்பது காசு பத்து ரூபாய் வரைக்கும் சட்டப்படி செல்லும் பணம் என்று அந்த 6ஆம் பிரிவு கூறுகிறது. ஒருவர் மற்றொருவருக்குத் தர வேண்டியதைச் சில்லறையாகவே கொட்டி வதைக்கக் கூடாது என்பதற்கான வரம்பு அது. ஒருவர் தம் கணக்கில் நாணயங்களைச் செலுத்துவதற்கு அது வரம்பன்று. சுற்றறிக்கையோ, மாற்றுவதற்கோ கணக்கில் செலுத்துவதற்கோ கொண்டு வரப்படும் எல்லா மதிப்பு நாணயங்களையும் கிளைகள் ஏற்க வேண்டும் என்கிறது. நூறு நூறாகப் பாலிதீன் பைகளில் கட்டித் தருவது காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் எளிது என்றும் அறிவுறுத்துகிறது.

“அவங்க கேட்டதிலயும் நியாயம் இருக்கு சார். நாம மூட்டையா கொண்டுபோனோம். நூறு நூறா கட்டிக் கொண்டுபோவோம்” என்றாள் அந்தப் பெண். உரிமையைக் கேட்பதோடு நம் பக்கத்துக் கடமையையும் எண்ணிப் பார்த்த அந்தச் சொல், என் வயதை மறந்து அவளை வணங்கச் செய்தது.

இரண்டு இரவுகள் தெருவே கூடி உழைத்தது. 116 பைகள் ஆயின. எண்ணிக்கொண்டிருக்கும்போது, 1990ஆம் ஆண்டில் நூற்றாண்டு நினைவாக அண்ணல் அம்பேத்கரின் உருவம் பொறித்து வெளியிடப்பட்ட ஒரு ரூபாய் நாணயம் ஒன்று அகப்பட்டது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்ட வேண்டும் என்றனர் இளைஞர்கள். பாட்டி கேட்டார்: “அவரு படிச்சது பூட்டி வைக்கவா? போகட்டும் விடு. ஒரு பிள்ளையோட பீஸுக்குப் போனா அவருக்கு அதுதான் பூமாலை.” நாணயம் மற்ற 99 நாணயங்களோடு பைக்குள் போயிற்று.

மறுநாள் சங்கத்தின் முத்திரையிட்ட கடிதம், சுற்றறிக்கையின் படி, 116 பைகள் ஆகியவற்றோடு அதே கிளைக்குப் போனோம். மேலாளர் கடிதத்தைப் படித்தார், சுற்றறிக்கையைப் படித்தார், எங்களை உட்காரச் சொன்னார். காலை பத்தரை மணிக்குத் தொடங்கிய எண்ணிக்கை பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்தது. காசாளர் ஒவ்வொரு பையாக எங்கள் கையிலிருந்து வாங்கினார். ஆம், கையிலிருந்து கைக்கு. இறுதியில் 42,600 ரூபாய் சங்கக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட சீட்டைத் தந்து, “ஒரு காசுகூடப் பிசகவில்லை” என்றார் அவர். அவர் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. ஒருவராக அவ்வளவு கூட்டத்தையும் சமாளிக்கிறவர். என் தந்தையார் இருந்து அந்தக் காட்சியைக் கண்டிருக்க வேண்டும் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

மூன்று பிள்ளைகளும் உரிய நாளில் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். பாட்டியின் பேத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்தாள்.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

அன்பார்ந்த இளைஞர்களே! நம் முன்னோர் சில்லறையின் ஆற்றலை அறிந்தவர்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னையில் ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. ரூபாயில் 64இல் ஒரு பங்கு கொடுத்தால் ஒருவர் அறிவைப் பெறலாம் என்பதை அவர் இதழின் பெயரிலேயே பொறித்தார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று.

அண்ணல் அம்பேத்கர் 1923ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூல், ரூபாயின் சிக்கலைப் பற்றியது. நாட்டுக்குள் ரூபாயின் வாங்கும் ஆற்றல் நிலைபெற வேண்டும் என்பது அவருடைய வாதம். 1925ஆம் ஆண்டில் நாணயம் பற்றி ஆராய வந்த அரச ஆணைக்குழுவின் முன் அமர்ந்து அவர் சான்றும் அளித்தார். காசைப் பலகையில் வைத்துவிட்டு விலகி நில் என்று சொல்லப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவர், காசு எப்படி இருக்க வேண்டும் என்று ஆள்வோருக்கு எடுத்துரைத்தார். நம்மைச் செல்லாக்காசு என்று சொன்னவர்கள் உண்டு. எந்தக் காசும் தானாகச் செல்லாமற் போவதில்லை. எது செல்லும், எது செல்லாது என்று முடிவு செய்யும் இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களில் போய் அமர்வதற்கான வழி கல்வி ஒன்றே என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

அவர் நூலின் கருத்தை நம் உண்டியலுக்கும் பொருத்திப் பாருங்கள். உண்டியலில் உறங்கும் காசு குட்டி போடாது. விலைவாசி ஏற ஏற, அது உறங்கிய இடத்திலேயே இளைக்கும். ஆகவே சேர்ப்பது பாதி வேலை. காலத்தில் எண்ணிக் கணக்கில் செலுத்துவது மறு பாதி. உண்டியலை ஓராண்டுக்கு மேல் உடைக்காமல் வைக்காதீர்கள். மதிப்பு வாரியாகப் பிரித்து, நூறு நூறாகக் கட்டுங்கள். ஐம்பது காசு இன்றும் சட்டப்படி செல்லும்; கடையில் வாங்காவிட்டால் வங்கியில் செலுத்துங்கள். பத்து ரூபாய் நாணயம் எந்த வடிவத்தில் இருந்தாலும் செல்லும். வங்கி மறுத்தால் சினம் கொள்ளாமல் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பயனில்லையெனில், 2021ஆம் ஆண்டு நவம்பரில் ஒருங்கிணைக்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டத்தின் வழியாக முறையிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. நீங்கள் படித்ததை அன்று மாலையே தெருவுக்குச் சொல்லிவிடுங்கள். கைப்பேசியில் எல்லாச் செய்தியும் வருகிறதே, செய்திப் பலகை இனி எதற்கு என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் வதந்தியும் வருகிறது. அதையும் உண்மையையும் பிரித்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அது மட்டுமன்று, கைப்பேசி இல்லாத, எழுத்தறியாத ஒரு கடைசிப் பாட்டி நம் தெருவில் இருக்கும் வரை அந்தப் பலகை இருந்தே தீர வேண்டும்.

விழா முடிந்து செல்லும்போது படிப்பகத்து மேசை மீதுள்ள அந்தக் கண்ணாடிக் குடுவையை ஒரு முறை பாருங்கள். 1,640 நாலணாக்கள். அவற்றைச் சேர்த்த பாட்டி இன்று நம்மிடையே இல்லை. அவருடைய பேத்தி செவிலியராகப் பணியாற்றுகிறாள். தன் முதல் மாதச் சம்பளத்திலிருந்து 410 ரூபாயைச் சங்கத்திற்கு அனுப்பி வைத்தாள். ‘பாட்டி வாங்கிய தண்டத்தொகை திருப்பிச் செலுத்தப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதியிருந்தாள். ஆகவே சங்கக் கணக்கேட்டில் அந்த நட்டம் நேராகிவிட்டது. என் கணக்கில் அது நேராகவில்லை. நேராக வேண்டியதும் இல்லை. மறவாமல் இருப்பதற்காக அதை அப்படியே வைத்திருக்கிறேன்.



வாழ்க அண்ணலின் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்! வணக்கம்.